கபாலபாதி செய்தால் பதற்றம் கூடுகிறது: வேலைக்குப் போகும் பெண்களுக்கு எந்த மூச்சுப் பயிற்சி ஒத்துவரும்?

மஞ்சக்குப்பம்_கணக்கு (மார்ச் 9, இரவு 9.50)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 39. மார்ச் மாதத்தில் எங்கள் பிரிவில் விளக்கு அணைய இரவு எத்தனை மணியாகும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு அதற்கு மேல் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. காலையில் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவை மூடும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்குகிறது. கைப்பேசியில் மேலாளரின் எண் தெரிந்தால் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து, வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் ஏதோ ஒரு தொகையை விட்டுவிட்டேன் என்று தோன்றினால், அதன் பிறகு விடியும் வரை புரண்டு படுப்பதுதான்.

மருத்துவரிடம் சென்று வந்தேன். இரத்த அழுத்தம், இசிஜி, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் மட்டும் 9.8 என்பதால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். மற்றது பதற்றம்தான் என்றும், மூச்சுப் பயிற்சி பழகினால் உதவும் என்றும் சொன்னார்.

அதை நம்பி ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே கபாலபாதி, அதாவது வயிற்றை உந்தி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது. ஒவ்வொரு தள்ளலாக எண்ணி நூறு வரை போகச் சொன்னார்கள். நான்காவது வகுப்பில் விரல் நுனிகள் சுருசுருவென்று குத்தின, உதடு மரத்தது, தலை சுழன்றது, உயிர் போய்விடும் என்றே நினைத்தேன். பயிற்சி அளித்தவரிடம் சொன்னபோது, உடலிலுள்ள நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாமல் செய்யுங்கள் என்றார். நான் நிறுத்திவிட்டேன். பிராணாயாமமே எனக்கு ஒத்துக்கொள்ளாதா, அல்லது தவறான இடத்தில் தொடங்கினேனா என்பதை இங்குள்ள அனுபவசாலிகள் சொல்ல வேண்டும்.

இரவுப்_பணி (மார்ச் 9, இரவு 11.15)

நிறுத்தியது சரி, அக்கா. நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். வீடு கடலூரில், தினமும் பேருந்துதான். நீங்கள் எழுதிய விரல் குத்தலையும் உதடு மரப்பையும் அவசரப் பிரிவில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். பெரும்பாலும் இளம்பெண்கள், தேர்வு முடிவோ வீட்டுச் சண்டையோ ஏதோ ஒன்றுக்குப் பிறகு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். தேவைக்கு மேல் மூச்சை வாரி இறைத்ததன் விளைவு அது. நச்சு வெளியேறுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப் படபடப்பு வந்தால் காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதை யாரும் செய்ய வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளே இருந்தால் அந்தப் பை ஆபத்தாக முடியும். நெஞ்சை அழுத்துகிற வலி, தோளுக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை வந்தால் மூச்சுப் பயிற்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு வெறும் மூச்சுத்திணறலாகவும் குமட்டலாகவும்கூட வரும் என்பதால், பதற்றம்தான் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது.

உடலியங்கியல்_மேசை (மார்ச் 10, காலை 6.20)

நான் மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். செவிலியர் தங்கை சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் விடும்போது ஆக்சிஜன் கூடுவதைவிட இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைவதுதான் பெரிய மாற்றம். அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது. இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்வதால் அதில் கட்டின்றி உலவும் கால்சியம் குறைந்து நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. விரல் குத்துகிறது, உதடு மரக்கிறது. கபாலபாதியில் வெளிமூச்சு மட்டுமே உந்தப்பட வேண்டும், உள்மூச்சு தானாக, சிறிதாக வந்து சேர வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டையும் இழுத்து அடிப்பார்கள். ஏற்கெனவே பதற்றத்தில் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர் இப்படிச் செய்தால் எரிகிற அடுப்பில் விறகைத் தள்ளியது போலத்தான்.

மெதுமூச்சின் வேலை இதற்கு நேர் எதிர். உள்மூச்சின்போது இதயத்துடிப்பு சற்றே விரைகிறது, வெளிமூச்சின்போது சற்றே தணிகிறது. நாடியில் விரல் வைத்து நீண்ட மூச்சு விட்டுப் பார்த்தால் நீங்களே உணரலாம். வெளிமூச்சில், இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுவதே இதற்குக் காரணம். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதை ஆறு அளவுக்குக் கொண்டுவந்தால், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்து, துடிப்பின் ஏற்ற இறக்கம் நன்றாகத் தெளிவடைகிறது. நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப்பக்கத்து ஆய்வு ஒன்றும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவம் சார்ந்த படிப்புகளில் இருந்த இளைஞர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வேகமான பிராணாயாமங்களையும் இன்னொன்றுக்கு மெதுவானவற்றையும் வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் வீதம், 12 வாரங்கள் கற்பித்தார்கள். மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. 2013இல் வெளியான முடிவின்படி, மன அழுத்த மதிப்பெண் இரண்டு குழுக்களிலும் குறைந்தது. ஆனால் இதயத்துடிப்பிலும் இரத்த அழுத்தத்திலும் நன்மை காட்டியது மெதுவான குழு மட்டுமே. அவர்கள் நலமாக இருந்த இளைஞர்கள் என்பதால், 39 வயதில் பதற்றத்தோடும் இரத்தசோகையோடும் இருப்பவருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆயினும் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு அது ஒரு திசையைக் காட்டுகிறது.

இன்னொன்று: இரத்தசோகையே படபடப்பையும் மூச்சு வாங்குவதையும் தரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. மாத்திரையைத் தேநீருடனோ காபியுடனோ விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. பிராணாயாமம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாத்திரையை விடாதீர்கள்.

லாஸ்பேட்டை_ஓய்வு (மார்ச் 10, மாலை 5.30)

புதுச்சேரியில் பள்ளியொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் யோகா கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சுவாமி கீதானந்த கிரி 1968இல் இங்கே ஆனந்த ஆசிரமத்தைத் தொடங்கிய பிறகு, கபாலபாதியில் கால் வைப்பதற்கு முன் வயிறு, நெஞ்சு, தோள்பட்டை என்று மூச்சைப் பகுதி பகுதியாகப் பழகும் முறை இந்த ஊரில் நன்றாக வேரூன்றியது. விபாகப் பிராணாயாமம் என்பார்கள். அதைத் தாண்டிக் குதித்ததுதான் உங்கள் வகுப்பின் தவறு, மகளே. உங்கள் உடலின் தவறில்லை.

நான் கற்பிக்கிற வரிசையை எழுதுகிறேன். முதல் வாரம் எண்ணவே வேண்டாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வலது கையைத் தொப்புளின் மேலும் இடது கையை நெஞ்சின் மேலும் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது வலது கை மட்டும் எழ வேண்டும். பதற்றத்தில் இருப்பவர்களுக்கு இடது கைதான் எழும். எழட்டும், அதட்ட வேண்டாம். வெளிமூச்சை மெதுவாக, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல, ஆனால் மூக்கு வழியாகவே விட்டுக்கொண்டே வந்தால் மூன்று நான்கு நாளில் வயிறு தானாக வழிக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடம் செய்து எரிச்சலடைவதைவிட ஐந்து நிமிடத்தில் எழுந்து போவது நல்லது.

இரண்டாவது வாரம் உட்கார்ந்துகொண்டு, மேலே ஐயா சொன்ன நான்குக்கு ஆறு. சம்மணம் போட முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் நாற்காலி போதும்; பாதம் தரையில் படிய வேண்டும், முதுகு சாய்வில் ஒட்டக் கூடாது. ஆறு எண்ணும்போது மூச்சு முட்டி, அடுத்த மூச்சை லபக்கென்று இழுக்கிறீர்கள் என்றால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம் என்று பொருள். மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். இதில் மானம் போக ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் நாடி சுத்தி. வலது கையின் சுட்டு விரலையும் நடு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி, கட்டை விரலால் வலது மூக்கை மூடி இடது மூக்கால் இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலதால் விட்டு, அதே வலதால் இழுத்து இடதால் விட்டால் ஒரு சுற்று. ஆறு சுற்றுக்கு மேல் வேண்டாம். மூக்கை அமுக்கிப் பிடிக்காமல் மூடித் திறக்க வேண்டும். பெண் பிள்ளைகள் மூக்குத்தியில் இடித்துக்கொண்டு முகம் சுளிப்பதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு நாடி சுத்தி கிடையாது.

பிராமரி எல்லாருக்கும் பிடிக்கும். காதை விரலால் மெல்ல மூடிக்கொண்டு, வாயை மூடி, பற்கள் ஒட்டாமல், வெளிமூச்சு முழுவதும் வண்டு போல ரீங்கரிப்பது. எண்ண வேண்டிய வேலை கிடையாது. சத்தம் நீள நீள வெளிமூச்சு தானாகவே நீளும். எண்ணத் தொடங்கினாலே பதற்றப்படுகிற சிலர் இருப்பார்கள், அவர்களுக்கு நான் முதல் வாரத்திலிருந்தே இதைத்தான் கொடுப்பேன்.

கபாலபாதி, பஸ்திரிகா (உள்மூச்சையும் வெளிமூச்சையும் வேகமாக அடிப்பது), நீண்ட கும்பகம் (மூச்சைக் கட்டி நிற்பது) மூன்றையும் படபடப்பு அடங்கும் வரை மறந்துவிடுங்கள். கர்ப்பிணிகள், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பாடலீசர்_வீதி (மார்ச் 10, இரவு 8.05)

அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன், மாற்றுக் கருத்து ஒன்றைப் பணிவுடன் வைக்கிறேன். திருமூலர் திருமந்திரத்தில் பூரகம் (உள்மூச்சு) பதினாறு, கும்பகம் அறுபத்து நான்கு, ரேசகம் (வெளிமூச்சு) முப்பத்திரண்டு மாத்திரை என்று கணக்கே கொடுத்துவிட்டார். மூச்சை உள்ளே நிறுத்தாவிட்டால் அது பிராணாயாமமே இல்லை என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான்குக்கு ஆறு என்பதெல்லாம் வெறும் மூச்சுவிடுதல். தமிழில் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதைவிட்டு ஆய்வறிக்கைகளின் பின்னால் ஏன் போக வேண்டும்?

லாஸ்பேட்டை_ஓய்வு (மார்ச் 10, இரவு 9.40)

தம்பி, பாட்டு எனக்கும் மனப்பாடம். கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். அதைப் பாதி நொடி என்று குறைத்து வைத்தாலும் ஒரு மூச்சுக்கு 56 நொடி ஆகிறது, அதில் 32 நொடி மூச்சைக் கட்டி நிற்க வேண்டும். ஒரு நொடி என்று வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். திருமூலர் இதை அட்டாங்க யோகம் என்ற எட்டுப் படிகளில் இயமம், நியமம், ஆதனம் ஆகிய மூன்றையும் சொல்லி முடித்த பிறகு நான்காவதாகச் சொல்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இட்லி ஊற்றி, பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, ஒன்பதரைக்குக் கணக்குப் பிரிவில் உட்காரும் பெண்ணிடம் முதல் மூன்று படிகளை மறைத்துவிட்டு நான்காவது படியைக் காட்டுவது நியாயமில்லை. சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லப் பழக்குவது போல மூச்சைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழக்குகிறவனையே கொல்லும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற வடமொழி யோக நூலும் எச்சரிக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று ஏற்கெனவே அஞ்சுகிறவளை மூச்சைக் கட்டு என்றால் அந்த அச்சம்தான் வளரும்.

பாடலீசர்_வீதி (மார்ச் 10, இரவு 9.58)

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. படிகளை நான் யோசிக்கவில்லை.

புடவைப்_பிரிவு (மார்ச் 11, இரவு 10.45)

நான் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பதுதான் சரியான சொல். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை. நீங்கள் எல்லாரும் படுத்துக்கொண்டும் உட்கார்ந்துகொண்டும் செய்கிற பயிற்சியைச் சொல்கிறீர்கள். படுத்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. வாடிக்கையாளர் நாற்பது புடவை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகும்போது, பின்னால் மேற்பார்வையாளர் நின்று பார்க்கும்போது, வருகிற படபடப்புக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்கிற அனைவருக்கும் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். எங்கள் கடையிலும் முக்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் மறுநாள் நம்மை வேறு தளத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பதும் இருக்கிறது. எங்கள் பதற்றத்தில் பாதி மூச்சிலிருந்து வரவில்லை, காலிலிருந்து வருகிறது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உடலியங்கியல்_மேசை (மார்ச் 12, காலை 6.05)

கோபம் எதுவும் இல்லை, சகோதரி. நீங்கள் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நாள் முழுதும் நிற்பதாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதாலும் வருகிற படபடப்பை மூச்சால் சரிக்கட்ட முடியாது. கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரைக் குறைக்கிற பெண்களை நான் அறிவேன். வேலையிடத்தில் ஒருவர் தகாத முறையில் நடந்துகொள்வதால் வருகிற பதற்றத்துக்கும் நாடி சுத்தி மருந்து ஆகாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகாரை அங்கே கொடுக்க வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி உங்களை அந்தப் புகாரை எழுதும் நிலைக்கு வேண்டுமானால் கொண்டுவரும். அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதற்காக அதை யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை_ஓய்வு (மார்ச் 12, காலை 10.20)

நின்றுகொண்டே செய்ய ஒரு வழி இருக்கிறது, மகளே. அதற்கு முன் ஒரு கேள்வி: பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறீர்கள்? பத்து மணி நேரம் புடவை நழுவக் கூடாது என்று இடுப்பில் தடம் விழுகிற அளவுக்குக் கட்டி, அதன் மேல் கொசுவத்தைச் செருகி, ஊக்கும் போட்டால், வயிறு எழ இடமே இல்லை. மூச்சு நெஞ்சுக்கும் தோளுக்கும் ஏறிவிடும். நாள் முழுதும் தோளால் மூச்சு விட்டால் உடல் அதைப் பயத்தின் மூச்சாகவே எடுத்துக்கொள்ளும். என் வகுப்புக்கு வந்த பெண்களில் பலருக்கு நான் கற்பித்த முதல் பிராணாயாமம் நாடாவை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்துவதுதான். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத் தைத்த உள்பாவாடை கடைகளில் கிடைக்கிறது, உங்களுக்குத் தெரியாததா.

புடவையை மடிக்கும் நேரம்தான் உங்கள் நேரம். விரித்த புடவையை மடிக்கும்போது, இரண்டாக மடிக்கையில் உள்மூச்சு, மீண்டும் மீண்டும் மடித்துத் தடவி அடுக்குகிற வரை வெளிமூச்சு. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள். நாற்பது புடவைக்கு நாற்பது மூச்சு. வெறுமனே பார்த்துவிட்டு மேற்பார்வையாளரும் போய்விடுவார்.

இரவுப்_பணி (மார்ச் 12, பிற்பகல் 3.10)

அம்மா சொன்ன மடிப்பு முறையைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஏனெனில் நானும் இப்படித்தான். எனக்குப் பேருந்து. முள்ளோடையைத் தாண்டிய பிறகு கன்னியக்கோயில் வரை ஒன்றும் செய்ய மாட்டேன். முன்னால் போகும் லாரிப் புகையை ஆழ்ந்து இழுப்பதில் என்ன யோகம் இருக்கிறது? சாளரப் பக்கம் இடம் கிடைத்து, காற்று நன்றாக இருந்தால், தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் வரை நான்குக்கு ஆறு. எண்ணிக்கை தவறினால் திரும்பவும் ஒன்றிலிருந்து. ஆற்றுப் பாலம் வரும்போது நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் அன்றைய வார்டு மனதுக்குள் வந்துவிடும்.

வார்டிலோ ஒரு நோயாளியின் படுக்கையிலிருந்து அடுத்ததற்கு நடக்கும் இடைவெளியில் மூன்றே மூச்சு. கை கழுவும் நேரம் அதற்குச் சரியாக இருக்கிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க முடியாமல் தவிப்பேன்; அப்போது பிராமரிதான். ஒரு முறை மருந்து இருப்பு வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரீங்கரித்தேன், காவலர் அண்ணன் உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறது என்று துடைப்பத்தோடு வந்து நின்றார்.

பிராமரி பற்றி ஐயாவிடம் ஒரு கேள்வி. ரீங்கரித்தால் மூக்கில் ஏதோ வாயு சுரந்து பதற்றம் போகிறது என்று பகிர்ந்துகொண்டே இருக்கிறார்களே, அது உண்மையா?

உடலியங்கியல்_மேசை (மார்ச் 12, இரவு 9.15)

பாதி உண்மை. 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அமைதியான வெளிமூச்சைவிடச் சுமார் பதினைந்து மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். முகத்து எலும்புக் குழிகளில் காற்று நன்றாகப் பரிமாறப்படுகிறது என்பதற்கான சான்று அது. பதற்றம் தணிகிறது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவது தாவல். உங்களுக்குப் பிராமரி உதவுவதற்கு நீளும் வெளிமூச்சே போதுமான விளக்கம் என்பது என் கருத்து.

வடலூர்_ஆசிரியை (மார்ச் 13, மாலை 6.40)

எனக்கு ஆஸ்துமா உண்டு. சித்திரை வெயிலுக்குச் சீதளி நல்லது என்று சக ஆசிரியை சொல்கிறார். நாக்கைக் குழல் போல மடித்து வாய் வழியாகக் காற்றை இழுப்பதாமே, செய்யலாமா?

லாஸ்பேட்டை_ஓய்வு (மார்ச் 13, இரவு 8.00)

உங்களுக்கு வேண்டாம், அம்மா. வாய் வழியாக இழுக்கும் காற்று மூக்கின் வடிகட்டலும் வெதுவெதுப்பும் இல்லாமல் நேராக உள்ளே போகும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலைக் கிளப்பும். கரும்பலகைச் சுண்ணத்தூளுக்குப் பக்கத்தில் என்றால் நிச்சயம் வேண்டாம். வயிற்று மூச்சு மட்டும் போதும். இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் பிராணாயாமம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்_கணக்கு (ஏப்ரல் 4, இரவு 9.30)

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத்தான் எழுத முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் வாரம் அம்மா சொன்னபடி படுத்துக்கொண்டு கை வைத்துப் பார்த்தேன். ஐந்து நாள் வரை இடது கைதான் எழுந்தது. ஆறாவது நாள் வலது கை லேசாக எழுந்ததும், அதைக் கவனித்த மகிழ்ச்சியில் மறுபடியும் இடது கை எழுந்துவிட்டது. காலையில் படுக்க நேரமில்லாததால் அடுப்படியிலேயே செய்யத் தொடங்கினேன். தோசை ஒன்று வேக ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. நிதானமாக விட்டால் ஆறு மூச்சு. மூன்று தோசைக்குப் பதினெட்டு. தாளிக்கிற அன்று மட்டும் செய்வதில்லை, மிளகாய் நெடியில் நான் இருமி, பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள்.

நான்குக்கு ஆறு எனக்கு இன்னும் முட்டுகிறது. மூன்றுக்கு ஐந்தில் நிற்கிறேன். நாடி சுத்தியைத் தொடவில்லை.

மார்ச் 31ஆம் தேதி இரவு பத்தேகால் வரை அலுவலகத்தில் இருந்தோம். ஒரு தொகை ஒத்துவரவில்லை. மேலாளர் மூன்று முறை வந்து நின்றார். கதவைச் சாத்திக்கொள்ள எங்கள் தளத்தில் கழிப்பறையைத் தவிர வேறு இடம் கிடையாது, அங்கே போய் ஐந்து மூச்சு விட்டேன். படபடப்பு போய்விடவில்லை, கை நடுக்கம் மட்டும் தணிந்து எண் விசைகளைத் தவறில்லாமல் தட்ட முடிந்தது. தொகையைக் கண்டுபிடித்தவர் என் பக்கத்து இருக்கைக்காரர்.

மூன்று மணி விழிப்பு இன்னும் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறது. முன்பு விடியும் வரை விழித்திருப்பேன், இப்போது சில நாள் திரும்பத் தூங்கிவிடுகிறேன். மருத்துவரிடம் மறுபடியும் சென்றபோது, இவ்வளவு நாளாக நீடிப்பதால் மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். சற்றுத் தயக்கமாக இருக்கிறது. இங்கே யாராவது சென்றிருக்கிறீர்களா?

இரவுப்_பணி (ஏப்ரல் 4, இரவு 11.50)

நான் சென்றிருக்கிறேன், அக்கா. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு எட்டு அமர்வுகள். போவதற்கு முன்னால் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முதல் அமர்வுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை.

லாஸ்பேட்டை_ஓய்வு (ஏப்ரல் 5, காலை 7.10)

மூன்றுக்கு ஐந்து போதும், மகளே. அதிலேயே இருங்கள். ஆலோசகரைப் பார்க்கிற அன்று காலையிலும் தோசைதானே?

மஞ்சக்குப்பம்_கணக்கு (ஏப்ரல் 5, காலை 7.25)

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் பொங்கல், அம்மா. தாளிப்பு உண்டு. அன்றைக்குப் பேருந்தில்தான் விட வேண்டும்.